உண்டியல் பணத்தில் டயாலிசிஸ் நடக்குமா?

"கவர்மென்ட்டுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி நடத்துற வேலை? ரோடு போடட்டும், போலீஸ் வைக்கட்டும். ஏழைக்கு வைத்தியம் பாக்குறதை கோயில், சர்ச், மசூதின்னு அவங்ககிட்ட விட்டுட்டா, அன்போட பாத்துப்பாங்க."

இந்த வசனத்தைக் கேட்காத காலேஜ் கேன்டீன் தமிழ்நாட்டில் இருக்காது. பஸ்ஸில் கேட்கலாம், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கலாம். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் ஜி.ஹெச்.சில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்குக் காசு அழுதுவிட்டு வந்து, அந்தக் கோபம் ஆறாமல் பேசுகிறவர்கள். மீதிப் பேர் ஜி.ஹெச். பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள். அவர்கள்தான் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள்!

கோபம் நியாயம்தான். அந்தக் கோபத்திலிருந்து எடுக்கிற முடிவுதான் தப்பு. எப்படித் தப்பு என்று சொல்ல வேண்டுமானால், எதிராளியின் பலவீனமான வாதத்தைப் பிடித்து அடிக்கக் கூடாது. அவர்கள் கையில் இருக்கிற பெரிய துருப்புச் சீட்டையே எடுத்துக் கொள்ளலாம். அதாவது வேலூர்.

திண்டிவனத்தில் 1890களில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்தவர் இல்லை, அவருடைய அப்பாதான் டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று மூன்று வீட்டுக்காரர்களும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் செத்துப் போனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900ல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902ல் முழு ஆஸ்பத்திரி, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான். இதைக் குறை சொல்ல வாய் வராது, வரவும் கூடாது.

ஆனால் அந்த 1902 கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர் தன் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அவர் மனம் இரங்கியதால் வேலூருக்கு ஆஸ்பத்திரி கிடைத்தது. நல்லது. அதே காலத்தில் தர்மபுரிக்கு எந்த நியூயார்க் வங்கிக்காரர் இருந்தார்? பெயரிலேயே தர்மத்தை வைத்துக் கொண்டிருக்கிற ஊர் அது. அங்கே மருத்துவக் கல்லூரி 2008ல் வந்தது. கொடுத்தது அரசாங்கம்.

தர்மத்தின் முதல் சிக்கல் இதுதான். தர்மம் எங்கே முளைக்க வேண்டும் என்பதை நோய் முடிவு செய்வதில்லை, கொடுக்கிறவரின் மனசு முடிவு செய்கிறது. மிஷனரி எங்கே வந்து இறங்கினாரோ, சாமியார் எந்த ஊரில் பிறந்தாரோ, அங்கே நல்ல ஆஸ்பத்திரி. ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவனுக்கு அது பஸ் டிக்கெட் எடுத்துப் போய்க் காத்துக் கிடக்க வேண்டிய இடம்.

"அந்தக் காலத்துல கோயில்லயே ஆஸ்பத்திரி இருந்துச்சே, ராஜாவா வந்து பார்த்தாரு?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி. ராஜாதான் பார்த்தார்! வாலாஜாபாத் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது, 11ம் நூற்றாண்டுடையது. அதில் ஒரு ஆதுலசாலை பற்றி வருகிறது. பதினைந்து படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை வைத்தியம் பார்ப்பவர், மூலிகை கொண்டு வர ஆட்கள், பணிவிடை செய்யப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டு வர ஆள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு, எந்தெந்த மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது வரை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். (இன்றைக்கு சில ஆஸ்பத்திரிகளின் ஸ்டாக் ரிஜிஸ்டர் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.)

வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமிதச் செய்திகள் இந்த இடத்தோடு நிறுத்திக் கொள்ளும். மீதியையும் படிக்க வேண்டும். அதற்கான செலவு ஒரு ஊரின் வரி வருமானத்திலிருந்து வந்தது. அதாவது குடியானவன் கட்டிய வரி. உண்டியல் காசு இல்லை. இன்னொன்று, அந்தப் பதினைந்து படுக்கையும் யாருக்கு? கோயிலில் வேலை பார்ப்பவர்களுக்கும், அங்கே வேதம் முதலானவை படித்த மாணவர்களுக்கும். வரி கட்டிய ஊர்க்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்தான் என்று அந்தக் கல் பேசவில்லை. ஆக, கோயில் தர்மத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் அந்த இடத்திலேயே பணம் எல்லோருடையது, கட்டில் சிலருடையது.

சரி, பழங்கதை போகட்டும். கணக்குக்கு வரலாம். பி.காம். படிக்கிறவர்களாவது இந்த இடத்தில் தூங்கக் கூடாது.

நாட்டிலேயே பணக்காரக் கோயில் எது என்றால் எல்லோரும் திருப்பதி என்பார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2024-25 பட்ஜெட் சுமார் 5,141 கோடி ரூபாய். அதே வருடம் தமிழ்நாட்டு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது சுமார் 20,198 கோடி. திருப்பதியில் லட்டு பிடிப்பதை நிறுத்தி, அன்னதானத்தை நிறுத்தி, அர்ச்சகர் சம்பளத்தை நிறுத்தி, கல்லூரி, விடுதி எல்லாவற்றையும் இழுத்து மூடி மொத்தப் பணத்தையும் ஆஸ்பத்திரிக்கே கொடுத்தாலும், பக்கத்து மாநிலம் ஒன்றின் சுகாதாரச் செலவில் கால் பங்குதான் தேறும். நாட்டின் முதல் பணக்காரக் கோயிலின் கதை இது! மற்ற கோயில்கள், சர்ச்சுகள், தர்காக்கள் எல்லாம் சேர்ந்து மீதி முக்கால் பங்கையும், பிறகு மற்ற மாநிலங்களையும் தாங்கும் என்று நம்புகிறவர்கள் கால்குலேட்டரை ஒரு முறை தட்டிப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. தர்மம் என்று கொடுக்கிற பணமும் முழுக்கத் தனியார் பணம் கிடையாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 80ஜி என்று ஒரு பிரிவு இருந்தது, டாக்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு மறக்காது. பழைய வரி முறையில் 30 சதவீத வரி கட்டும் ஒருவர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் கொடுத்தால், வரம்புக்கு உட்பட்டு ஐம்பதாயிரம் கழிவு. வரியில் மிச்சம் பதினைந்தாயிரம், செஸ் தனி. அதாவது அந்த ஒரு லட்சத்தில் பதினைந்தாயிரத்துச் சொச்சம் அரசாங்கத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம். இது போக, வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவு செய்கிற அறக்கட்டளைக்கு அந்த வருமானத்துக்கும் வரி விலக்கு. தப்பில்லை, நல்ல காரியத்துக்குச் சலுகை கொடுக்கலாம். ஆனால் பெயர்ப் பலகையில் வள்ளலின் பெயர் மட்டும் இருக்கும், ஊரார் போட்ட பங்கு இருக்காது. அதையும் மறந்துவிட்டு "அரசாங்கம் ஒதுங்கிக்கட்டும், நாங்க பாத்துக்கிறோம்" என்றால் எப்படி?

சலுகையை வாங்கிக் கொண்டவர்கள் எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால், பம்பாய் கதை இருக்கிறது. அங்கே அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கையை வசதியே இல்லாதவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு முறையான திட்டத்தை 2006ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவை எல்லாம் மத அறக்கட்டளைகள் அல்ல என்பது உண்மை. ஆனால் 'தர்ம ஆஸ்பத்திரி' என்று பெயரில் இருப்பவை தர்மம் செய்வதற்குக் கூட நீதிபதி ஒரு திட்டம் போட்டுத் தர வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

பணத்தைக் கூட விடலாம். தர்மத்துக்கு எந்த நோயைப் பிடிக்கும் என்று யாராவது யோசித்ததுண்டா? குழந்தையின் இருதய ஆபரேஷன் என்றால் போட்டோவோடு போஸ்டர் அடித்தால் ஒரே வாரத்தில் பணம் சேரும். கண்புரை என்றால் கேம்ப் போடலாம், கண்ணாடி மாட்டிய பாட்டிகளோடு படம் எடுக்கலாம். அறுபது வயதுக் குடிகாரருக்கு டி.பி. என்றால்? ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, அவர் ஓடிப் போனால் தேடிப் பிடித்து மறுபடி கொடுக்க வேண்டும். யார் போஸ்டர் அடிப்பார்கள்? சிறுநீரகம் போனவருக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ், வாழ்நாள் முழுக்க. முதல் மாதம் சொந்தக்காரர்கள் கொடுப்பார்கள். மூன்றாம் மாதம் ஊர்ச் சங்கம் கொடுக்கும். ஒரு வருடம் கழித்து அந்த மனிதர் தெருவில் வந்தால் கொடுத்தவர்களே வேறு பக்கம் திரும்பிக் கொள்வார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, இரக்கம் என்பது மாதச் சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வந்து நிற்கிற சரக்கு இல்லை.

இங்கே உடனே மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சொல்வார்கள். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976ல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது. அவர் அரவிந்தர் பக்தர், பெயரே அப்படி வந்தது. காசு கொடுப்பவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது. மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இது ஒரு கோயில் மாதிரி, கும்பிடாமல் தாண்ட முடியாது :-) உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் கண்புரை அறுவை சிகிச்சை சில நிமிட வேலை, ஒரே மாதிரி வேலை, ஒரு தடவை செய்தால் முடிந்தது. லென்ஸ் விலையை இறக்க 1992ல் சொந்தமாகவே தொழிற்சாலை போட்டார்கள். அந்தக் கணக்கை டயாலிசிஸுக்கோ, புற்றுநோய்க்கோ, மனநோய்க்கோ அப்படியே பொருத்த முடியாது. அது போக, பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில் இலவசக் கண்புரை ஆபரேஷன் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. இங்கேயும் பின்னால் கஜானா நிற்கிறது.

மனநோய் என்று சொன்னதும் ஏர்வாடி ஞாபகம் வராமல் இருக்காது.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் விடியற்காலை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை.

அந்தக் காப்பகங்களை நடத்தியது தர்கா இல்லை, குடும்பத்தாரிடம் பணம் வாங்கிக் கொண்டு நடத்திய தனியார்கள் என்று பதில் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே வந்தன? நம்பிக்கை ஒரு காரணம். பக்கத்தில் மனநல டாக்டர் கிடையாது என்பது அடுத்த காரணம். மனநல விடுதிகளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1987லேயே சட்டம் வந்துவிட்டது, யாரும் போய்ப் பார்க்கவில்லை. அரசாங்கம் இல்லாத இடத்தை நம்பிக்கை நிரப்பினால் அது எப்படியெல்லாம் போகும் என்பதற்கு அந்த 28 பேர் சாட்சி. இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பிரித்துப் பேச ஒன்றுமில்லை. நோயாளிகளைக் கட்டிப் போட்டு வைத்த இடங்கள் எல்லா மதத்திலும் உண்டு. தீ விபத்துக்குப் பிறகு அந்த விடுதிகள் மூடப்பட்டன. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் 'தவா-துவா' திட்டம் வந்தது. பிரார்த்தனை செய்யட்டும், கூடவே மாத்திரையும் போடட்டும் என்பது. மதத்தை விரட்டாமல், டாக்டரை உள்ளே கொண்டு போன வழி. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. இருபது வருடம் லேட்.

நிபந்தனை விஷயமும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி கருத்தடை ஆபரேஷன் கூடாது. அந்தப் போதனையைக் கடைப்பிடிக்கிற ஆஸ்பத்திரியில் அதைச் செய்ய மாட்டார்கள். அது அவர்கள் நம்பிக்கை, அதில் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு தாலுகாவில் அந்த ஆஸ்பத்திரி மட்டும்தான் இருக்கிறது என்றால், மூன்றாவது பிரசவத்துக்கு வந்த பெண்ணின் உரிமை என்ன ஆகும்? அவள் அந்த மதமாகக் கூட இருக்க மாட்டாள்.

இனி எதிர்ப் பக்கத்தின் கடைசிக் குண்டு: "கவர்மென்ட் ஆஸ்பத்திரி மட்டும் யோக்கியமா?"

இல்லை. குழந்தை பிறந்த செய்தியைச் சொல்லவே காசு கேட்கிற கேவலம் நடக்கிறது. ஆண் குழந்தை என்றால் ஒரு ரேட், பெண் என்றால் ஒரு ரேட். ஒரே படுக்கையில் இரண்டு பேர். ஸ்கேனுக்கு அடுத்த மாதம் தேதி. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாகும் என்றது. 2021-22ல், கொரோனா எல்லாம் பார்த்த பிறகும், அது 1.84 சதவீதம். மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் ஜனங்கள் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. வெட்கப்பட வேண்டிய கணக்கு.

ஆனால் ஒரு வித்தியாசம். கல்கத்தா பக்கம் 1992ல் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. ஒன்றன் பின் ஒன்றாக அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போனார்கள். இங்கே படுக்கை இல்லை, அங்கே வசதி இல்லை என்று எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து 17,000 ரூபாய் செலவு. அவர் சார்ந்த தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 1996ல் தீர்ப்பு. அவசர சிகிச்சை தராமல் அரசு ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியது, பணம் இல்லை என்று அரசாங்கம் சாக்குச் சொல்ல முடியாது என்றது கோர்ட். 25,000 ரூபாய் நஷ்ட ஈடு.

அரசு ஆஸ்பத்திரிகள் கேவலமாக நடந்து கொண்ட கதைதான் இது. ஆனாலும் அந்தத் தொழிலாளியால் அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்ற முடிந்தது. மடமோ சபையோ நடத்தும் இலவச ஆஸ்பத்திரி "இந்த வருஷம் நிதி இல்லப்பா" என்று சொன்னால், அதை எதிர்த்து எந்தக் கோர்ட்டில் என்ன கேஸ் போடுவது? ஏன் நிதி இல்லை என்று கேட்க தகவல் உரிமைச் சட்டம் உதவாது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டு பிஷப்பையோ ஆதீனத்தையோ மாற்றவும் முடியாது. பிச்சை போடவில்லை என்று பிச்சைக்காரர் வழக்குப் போட்டதாகச் சரித்திரம் இல்லையே.

திருத்த முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குவதில் நடந்த ஊழல் நாறிய பிறகு 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மொத்த மாநிலத்துக்கும் ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, மருந்துக்குத் தரச் சோதனை, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒரு பாஸ்புக். சாமியும் இல்லை, தியாகமும் இல்லை, வெறும் ஸ்டோர்ஸ் மேனேஜ்மென்ட். கேரளா, ராஜஸ்தான் எல்லாம் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி ஆரம்பித்தார்கள். பிரசவத்தில் தாய் இறப்பது 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு நாடு முழுக்க 97, தமிழ்நாட்டில் 54. திண்டிவனத்து மூன்று பெண்களின் கதையைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் வெறும் எண்களாகத் தெரியாது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் விழித்திருப்பதற்கு இதில் பங்கு உண்டு. அவர் கருணையே வடிவானவராக இருக்கலாம், எரிந்து விழுபவராகவும் இருக்கலாம். ஆனால் அது அவருக்கு டியூட்டி, வந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் மத ஆஸ்பத்திரிகளை மூடிவிடலாமா என்று கேட்டால், அது அவசரக்காரன் பேச்சு. தொழுநோயாளியை ஊரே விரட்டியபோது தொட்டுச் சிகிச்சை செய்தவர்கள் மிஷனரிகள். மடங்கிப் போன விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷனை வேலூரில் பால் பிராண்ட் செய்து காட்டினார். அன்றைக்கு எந்த அரசாங்க டாக்டரும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் தொழுநோய் நாடு முழுக்கக் குறைந்தது எப்போது? 1983ல் தொடங்கிய கூட்டு மருந்து சிகிச்சையை அரசாங்கம் இலவசமாக ஊர் ஊராகக் கொண்டு போய்க் கொடுத்த பிறகு. 2005 டிசம்பரில்தான் தேசிய அளவில் அது பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கியதாக அறிவித்தார்கள். ஒருவரின் விரலை நிமிர்த்த ஒரு பால் பிராண்ட் போதும். லட்சக்கணக்கான விரல்கள் மடங்காமல் பார்த்துக் கொள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் நடந்து போகிற ஊழியர் வேண்டும், அவருக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரியும்? 1928ல் டாக்டர் சௌரிமுத்து என்ற தனி மனிதர் காசநோய்க்காரர்களுக்காக அங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937ல் அதை மாகாண அரசாங்கம் எடுத்துக் கொண்டது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கும் திட்டம் நாட்டில் ஆரம்பித்தபோது, முதலில் கொடுத்த சில ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. அந்த வரிசையில் நின்றவர்களில் பல பேரைச் சொந்த வீடே சேர்க்கவில்லை. அவர்களிடம் நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய், இந்த நோய் உனக்கு எப்படி வந்தது, நீ நல்லவனா என்று கேட்டுவிட்டு மாத்திரை கொடுக்கிற ஏற்பாடு அங்கே இல்லை. ஓ.பி. சீட்டு இருந்தால் போதும்.